டேங்குக்குப் பக்கத்தில் ஒரு தையல் மிஷின்

டிரைவருக்குத் தூக்கம் வந்துவிட்டால் காதருகே வெடி வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டான் என்று அவன் மனைவி சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. இரவெல்லாம் லாரி ஓட்டி, விடிந்ததும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தானென்றால் வெயில் சாயும்வரை அவன் இந்த உலகத்தில் இல்லை. இது தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரிந்தது திருடனுக்குத் தெரியாமல் போகுமா?

முதல் தடவை பட்டப்பகலில் டேங்க் பூட்டை அறுத்து, குழாய் விட்டுப் பாதி டீசலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். எதிரே இஸ்திரி போடும் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"காக்கிச் சட்டையும் கேனுமா ரெண்டு பேரு வந்தாங்க. மெக்கானிக்னு நெனச்சேன் தம்பி. பாவம், வெயில்ல கெடந்து வேலை பாக்குறாங்களேன்னு குடிக்கத் தண்ணிகூடக் குடுத்தேன்" என்றார்.

அதன்பிறகு டிரைவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டான். இரண்டாவது தடவை பூட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

முதலாளி போனில் கத்தவில்லை. "நீ எடுத்தேன்னு நான் சொல்லல. ஆனா வேலியே பயிர மேயுதுன்னு சொல்ல நாலு பேரு இருக்காங்க. இன்னொரு தடவை டீசல் குறைஞ்சா சாவியக் குடுத்துட்டுப் போயிடு" என்றார்.

பதினோரு வருடமாக அந்த லாரியை வேறொருவன் தொட்டதில்லை. அதன் இருமல், தும்மல் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. சாவியைக் கொடுப்பதை நினைத்தபோதே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒரு வித்தை செய்தான். டேங்க் இருக்கும் பக்கம் வீட்டுச் சுவரைப் பார்க்கும்படி, பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிவிட்டு, முன்னும் பின்னுமாக ஏழெட்டுத் தடவை நகர்த்தி, லாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினான். நடுவே நாலு விரல் இடைவெளி. விரல் போகும், கை போகாது. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் டேங்க் மூடியைத் தொட முடியாது. இறங்கி நின்று தன் கைவண்ணத்தைத் தானே ஒருமுறை ரசித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தான்.

அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது என்பது மட்டும் மகாராஜாவுக்கு நினைவில்லை. வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். அதனடியில்தான் அவன் மனைவியின் தையல் மிஷின். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை முழுக்க அவள் கையால் தைத்ததுதான்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் தாகம் எடுத்து எழுந்து வந்தவன், அவள் குண்டு பல்புக்கு நேரே ஒரு பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஊசியால் தையலைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். பக்கத்தில் இன்னும் ஒரு குவியல் கிடந்தது.

"எதுக்குப் பிரிக்கிற?"

"கருநீலத் துணிக்குக் கறுப்பு நூலப் போட்டுத் தச்சுட்டேன். பன்னெண்டு பாவாடை. எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

"கண்ணு தெரியலயா உனக்கு?"

"கண்ணு நல்லாத் தெரியுது. வெளிச்சந்தான் தெரியல. ஜன்னல மறைச்சுக்கிட்டு உங்க மூத்த சம்சாரம் நிக்கிறாளே."

அவனுக்குச் சுருக்கென்றது. பத்து நாளாக இருட்டில் உட்கார்ந்து தைத்தவள், ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லவில்லை. சொன்னால் அவன் வண்டியை நகர்த்துவான், நகர்த்தினால் வேலை போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?" என்றான்.

"சொல்லிட்டேன்ல இப்ப. நாளைக்கு வண்டியத் திருப்பி நிறுத்துங்க. டேங்க் தெருவப் பாக்கட்டும்."

"திருடன வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடச் சொல்றியா?"

"கூப்பிடுங்க. டேங்குக்குப் பக்கத்துல என் மிஷினப் போட்டு நான் உக்காந்திருப்பேன். வரட்டும், அவனுக்கும் ஒரு அளவு எடுத்துடுறேன்."

அப்படியே நடந்தது. லாரியின் பக்கவாட்டுக் கொக்கிகளிலிருந்து தெருவிளக்குக் கம்பம்வரை அவன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கொடுத்தான். அதன் நிழலில், டேங்கில் முழங்கை இடிக்கிற தூரத்தில், அவள் மிஷினைப் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்துக்கு வெளிச்சம், காவலுக்குக் காவல். டேங்க் மூடியின் மேல் ஊசி குத்தும் பஞ்சுப்பொதியை வைத்தாள். அளவு நாடாவை டீசல் குழாயின் மேல் தொங்கவிட்டாள். பதினோரு வருடமாக அந்த லாரியோடு அவளுக்கு இருந்த சண்டை ஒரு வாரத்தில் காணாமல் போயிற்று.

அவனுக்குத்தான் தூக்கம் மாறிவிட்டது. வெளியே மிஷின் டகடகவென்று ஓடுகிறவரை தாலாட்டுக் கேட்ட பிள்ளையாகத் தூங்குவான். சத்தம் நின்றால் போதும், கண் திறந்துகொள்ளும். அவள் நூல் தீர்ந்து பாபின் மாற்றும் நேரம், துணி வெட்டும் நேரம் எல்லாம் முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பான். மறுபடி டகடக கேட்டதும் தூங்குவான். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த இடைவெளிகள் குறைந்தன. நிறைய வேலை வருகிறது போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். இரண்டு மாதம் ஒரு சொட்டு டீசல் குறையவில்லை.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்து காத்திருந்தான். பாபின் மாற்றுகிறாள் என்று நினைத்தான். பாபின் மாற்றும் நேரம் தாண்டிற்று. துணி வெட்டும் நேரமும் தாண்டிற்று. பாயைவிட்டு எழுந்து, கதவோரம் கிடந்த வீல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினான்.

திருடன் யாரும் இல்லை. அவள்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தை டேங்கில் சாய்த்து, ஒரு கையால் மூடியைக் கெட்டியாகப் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரித் தூங்கினாள். டீசல் இருக்கிறதா என்று வழக்கம்போல டேங்கைத் தட்டிப் பார்க்க அவன் கை போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெரியவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"எழுப்பிடாதீங்க தம்பி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று கிசுகிசுத்தார். "நீங்க ரோட்டுல இருக்குற ராத்திரி எல்லாம் இங்க விளக்கு எரியும். நீங்க வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு கண்ண மூடாது. பகல்லயும் இப்படி."

"பகல்ல வேலை நிறைய வருதே பெரியவரே. ஓயாம ஓடுதே மிஷின்."

பெரியவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "ஊசியப் பாருங்க."

பார்த்தான். ஊசியில் நூல் இல்லை. அடியில் துணியும் இல்லை. அன்று தைக்க ஒன்றுமே இல்லை.

"பள்ளிக்கூடம் திறந்து எத்தன நாளாச்சு, யாரு இப்பச் சீருடை தைக்கிறா? சத்தம் நின்னா நீங்க முழிச்சுக்குறீங்களாம். ராத்திரி வண்டி ஓட்டுற மனுஷன், தூக்கம் கெடக்கூடாதுன்னு சும்மாவே மிதிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு மாசமா."

எத்தனையோ மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட அசராமல் இறக்கியவன், வாசலில் ஸ்பேனரும் கையுமாக நின்று மூக்கை உறிஞ்சினான்.

அவள் தூக்கத்திலேயே காலை அசைத்தாள். மிதிகட்டையை விட்டு நழுவியிருந்த பாதம் அதைத் தேடித் தரையில் துழாவியது. ஓசை நின்றது தூக்கத்திலும் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவாள்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு மிஷினுக்கு மறுபுறம் அவளைப் பார்த்தாற்போல் உட்கார்ந்து, மிதிகட்டையில் காலை வைத்து அமுக்கினான். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி முரண்டு பிடித்தது. பெரியவர் வாயைப் பொத்திச் சிரித்தார். சக்கரத்தைக் கையால் முன்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி மிதித்தான். டக, டக. அப்புறம் டகடகடக. அவள் பாதம் அடங்கியது.

அரைமணி நேரத்தில் முதலாளி போன் செய்தார்.

"சாயந்தரம் லோடு ரெடி. ஆறு மணிக்கு வந்துடு."

"இன்னிக்கு முடியாது முதலாளி." தாழ்ந்த குரலில் சொன்னான். "தூக்கம் இல்ல. தூங்காம வண்டிய எடுக்க மாட்டேன்."

"லோடு என்ன உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? வேற டிரைவர அனுப்பட்டுமா?"

பதினோரு வருடமாக எந்தக் கேள்விக்குப் பயந்தானோ அந்தக் கேள்வி. அவன் எதிரே தூங்குகிறவளின் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். இதைக்கூடப் பார்க்காமல் என்னத்தைக் காவல் காத்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"அனுப்புங்க முதலாளி" என்றான். கால் மட்டும் நிற்கவில்லை.

"அதென்னய்யா டகடகன்னு சத்தம்?"

"என் சம்சாரத்தோட தையல் மிஷின். டேங்குக்குப் பக்கத்துலதான் போட்டிருக்கு."

"ரெண்டு மாசமா ஒரு சொட்டு குறையலயேன்னு பாத்தேன். இதானா சங்கதி?" முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, லோட நாளைக்குத் தள்ளிப் போடுறேன். அந்தச் சத்தம் நிக்காமப் பாத்துக்க."

போனை வைத்துவிட்டு மிதித்தான். முழங்கால் வலித்தது. லாரியின் கிளட்ச் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. தார்ப்பாய் நிழல் அவர்களைத் தாண்டி நகர்ந்ததும், பெரியவர் ஒரு பெட்ஷீட்டைக் கொண்டுவந்து அவள் பக்கம் வெயில் விழாமல் கட்டிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். எதிரே வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கும் புருஷனையும், நூலில்லாத ஊசி குத்திக் குத்தி எழுவதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நூல் கோக்காம என்ன தைக்கிறீங்க?" என்றாள், தூக்கக் கலக்கத்தில்.

"தைக்கல. வண்டி ஓட்டுறேன்."

"எது வரைக்கும் வந்திருக்கோம்?"

"பாதி தூரம்கூட வரல. நீ தூங்கு. ஊரு வந்ததும் எழுப்புறேன்."

அவள் டேங்க் மூடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினாள்.