சரிவில் விளைந்த வைன்

கனடாவில் இல்-பிசார் தீவில் ஜெயனி வாங்கிய புது வீடு, பால் காய்ச்சிக் குடிபூரல் நடத்திய மறுநாள் காலையில், தெருப்பக்கம் ஒரு மாடி உயரத்துக்கு எழும்பி நின்றது. பின்சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. நகரசபையிலிருந்து வந்தவர் சுற்றிப் பார்த்து, ஒரு வெடிப்புக்கூட இல்லை என்று சொல்லி, பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாசல் அந்தரத்தில் நின்றதால் எல்லோரும் பின்கதவால் புழங்கத் தொடங்கினார்கள்.

காரணம் ஒரு போத்தல் வெள்ளை வைன். ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையில், ஆடுகூட ஏற யோசிக்கும் சரிவில், இடுப்பில் கயிறு கட்டித் திராட்சை பறிக்கும் அரியரத்தினம் மாமா அதைக் கொண்டுவந்து ஜெயனியின் அக்கா புஷ்பவதியிடம் கொடுத்திருந்தார். "பிள்ளை, இதை வீட்டுக்குள்ள திறந்துபோடாதை. சரிவில விளைஞ்சது, வீட்டையும் சரிச்சுப்போடும்" என்றும் சொல்லியிருந்தார். புஷ்பவதி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தங்கையின் குடிபூரல் வந்தபோது பளபளக்கும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா சொன்னதைச் சொல்லவில்லை. இரவு விருந்தில் ஜெயனி அதைத் திறந்தாள்.

புஷ்பவதிக்கு வயிறு எரிந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஜெயனியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்ததே அவர்தான். எடுத்தவர் நகரத்துக்குள், கோட்-டெ-நெய்ஜில் ஒரு வாடகை அடுக்குமாடியில் இருந்து பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, வந்தவள் இரண்டு கராஜ் வைத்த வீட்டில் பால் காய்ச்சுகிறாள். அந்த வீடு சரிய வேண்டும், நாலு பேர் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

வீடு சரிந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னறை உயர்ந்ததில் எதிர்வீட்டுக் கூரைக்கு மேலால் ஆறு தெரிந்தது. ஜெயனியின் கணவன் வசீகரன் தரையில் குறுக்குச் சட்டம் அடித்து, நடையில் கயிறு கட்டினான். பிள்ளைகள் சறுக்கிக்கொண்டே சாப்பாட்டுக்கு வந்தார்கள். பக்கத்து ஊரான டொலார்டில் முருகன் கோயிலுக்கு வந்த சனம் அப்படியே வந்து ஆற்றைப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது. இதையெல்லாம் பொறுக்கலாம். ஆனால் அந்த யன்னலில் விழுந்த தை மாத வெயிலில் ஜெயனியின் கறிவேப்பிலை மரம் கூரையை முட்டியது. பனிக்காலம்தோறும் தன் கறிவேப்பிலையைச் சாகக் கொடுக்கும் புஷ்பவதிக்கு, தங்கை அதில் ஒரு பை நிறையப் பிடுங்கி அனுப்பினாள். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் மாறி மாறிப் போய், கயிற்றைப் பிடித்து மேலேறி, மூச்சு வாங்கத் தங்கைக்கு முன்னால் நின்றார்.

"உன்ர வீடு சரியட்டும் எண்டுதான் அதைத் தந்தனான்."

"தெரியும் அக்கா. மாமா எனக்கும் முதலே ஃபோன் எடுத்துச் சொன்னவர்" என்றாள் ஜெயனி.

"தெரிஞ்சும் ஏன் திறந்தனீ?"

"இவ்வளவு காலத்தில நீங்கள் ஆசைப்பட்டுத் தந்தது அது ஒண்டுதான்."

ஜெயனி குளிர்ப்பெட்டியிலிருந்து மிச்ச வைனை எடுத்து அக்காவின் பைக்குள் வைத்தாள்.

அன்று பின்னேரம் புஷ்பவதி தன் குசினியில் அதைக் குடித்தார். பச்சை அப்பிளின் புளிப்பும், கடைசியில் கொஞ்சம் தேனும் இருந்தது. கட்டடம் அசையவில்லை. அவருடைய தரை மட்டும் மேற்கே, இல்-பிசார் பக்கமாகச் சற்றே சரிந்தது. வாடகை வாங்குகிற வீட்டுக்காரன், பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டான். பொறாமை போகவில்லை, ஜெயனி கார் மாற்றியபோதும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் கை தவறுகிற வெங்காயம், தேசிக்காய் எல்லாம் உருண்டு அந்த மேற்குச் சுவரில்தான் போய் நிற்கின்றன. புஷ்பவதி அங்கே ஒரு கூடை வைத்திருக்கிறார். அது நிறைந்தால் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.