கொளஞ்சி காத்த இரும்பு

முருகையன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் கிரீஸை அப்பிவிடலாமா என்று எனக்கு வரும். பன்னிரண்டு வருஷமாக என் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி கொண்டுவந்தவன். டீக்கு மேல் எதையும் தொட்டதில்லை. எழுபத்தெட்டில் அவன் ஓட்டிய வாடகை அம்பாசிடர், வீராம்பட்டினம் சாலையில் திடீரென்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பனைமரத்தில் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த செல்வாம்பாள் டீச்சர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். குடித்துவிட்டு ஓட்டினான் என்று முருகையனை லாக்கப்பில் வைத்தார்கள்.

வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துவர என்னைத்தான் கூப்பிட்டார்கள். அடியில் படுத்துப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளில் மெயின் பட்டை இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் முக்கால்வாசி பழுப்புத் துரு. ஓரத்தில் கால்வாசிதான் புதுசாக வெள்ளையாக இருந்தது. அதாவது, விரிசல் பல மாசமாகவே இருந்திருக்கிறது. மிச்சம்தான் அன்றைக்கு விட்டது.

துரு ஏன் பிடிக்காது? வண்டி முதலாளி முசியே ரொபேர் விடிந்ததும் டிக்கி கொள்ளாமல் மீன்கூடை ஏற்றச் சொல்லுவார். அந்தப் பாரமும் பட்டை மேல்தான், ஒழுகுகிற உப்புத்தண்ணியும் பட்டை மேல்தான். மாற்றுங்கள் என்று நானே இரண்டு தடவை சொன்னேன். "இன்னும் ஓடுமே" என்றார் பாவி மனுஷன்.

வண்டியை இழுப்பதற்காகத் தொங்கிய பாதியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். மறுபாதியை மறுநாளே ரொபேரின் ஆள் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். ஏன் கழற்றினாய் என்று ஸ்டேஷனில் ஒருத்தரும் கேட்கவில்லை. ரொபேர் தினமும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர். என்னிடம் இருந்த பாதியை அங்கே வைத்திருக்கப் பயந்துபோய்க் குருசுக்குப்பத்துக்கு எடுத்துப்போய் முருகையன் பெண்டாட்டி கொளஞ்சியிடம் கொடுத்தேன்.

"பத்திரமா வச்சிரும்மா. திங்கக்கெழம வண்டியச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு. இத அவர் கையில குடுத்தாத்தான் ஒம் புருஷன் வெளிய வருவான்."

"இதுல என்னாண்ணே இருக்குது?"

"அதெல்லாம் சொன்னா ஒனக்குப் புரியாது. வச்சிரு, போதும்."

திமிர்தான், வேறென்ன? ஒரு நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் என் குடியா முழுகிப்போயிருக்கும்?

திங்கட்கிழமை கொளஞ்சி அதை மஞ்சள் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். பழைய விரிசல், துருவைப் பாருங்கள் என்று நான் சொல்ல, பிரேக் இன்ஸ்பெக்டர் துணியைப் பிரித்தார். இரும்பு பளபளவென்று மின்னியது.

அவள் என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "ஒரே துருவும் சேறுமா இருந்திச்சிண்ணே. ஆபீசர் தொடற சாமானாச்சே! ரெண்டு நாளு புளித்தண்ணில ஊறப்போட்டு, செங்கத்தூளு வச்சித் தேச்சேன்."

அவள் விரல் நுனியெல்லாம் கீறிச் சிவந்திருந்தது. அடி பாதகத்தி என்று கத்த வந்தவன், அந்த விரல்களைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் முறிந்த இடத்தைத் தடவினார். "பழைய விரிசல்னியே, துரு எங்கய்யா? மரத்துல மோதுன வேகத்துல ஒடஞ்சிருக்கு."

"சார், எங் கண்ணால பாத்தேன் சார்! முக்காவாசி துரு சார்!"

"நீ அவன் கூட்டாளி, அப்படித்தான் சொல்லுவ. எங் கண்ணுக்குத் தெரியறதத்தான் நான் எழுத முடியும்."

எழுதினார். கோர்ட்டிலும் நான் தொண்டை வறளக் கத்திப் பார்த்தேன். அந்தக் காகிதம்தான் ஜெயித்தது. முருகையனுக்கு இரண்டு வருஷம் போட்டார்கள்.

அவனை வேனில் ஏற்றியபோது கொளஞ்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பத்திரமாத்தானேண்ணே வச்சிருந்தேன்?"

"பத்திரமாத்தாம்மா வச்சிருந்த. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப ஏண்ணே இப்பிடி ஆச்சி?"

அன்றைக்கும் நான் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை.