மேசையைக் கவிழ்த்தது போல ஒரு கோட்டை

செலஸ்ரீனா வேலை செய்யும் வீட்டின் எசமானியான சிஞ்ஞோராவுக்கு மிலானோவில் ஒரு பேத்தி. மே மாதத்தில் அந்தப் பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைச் சடங்கு. மகன் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போவதால், வெள்ளி தொடக்கம் ஞாயிறு வரை செலஸ்ரீனாவுக்கு வேலை இல்லை என்று சிஞ்ஞோரா காலையிலேயே சொல்லிவிட்டார். பலேர்மோவின் லிபெர்த்தா வீதியிலிருந்து ஒரேத்தோ வீதியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் செலஸ்ரீனா கைத்தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்து பார்த்தாள். அந்தச் சனிக்கிழமைதான் அவர்களுடைய இருபதாவது கலியாண நாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்ற முதலே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எங்கையாவது போவம். நீங்களும் நானும் மட்டும்."

விமலராஜ் அப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். நாப்போலியிலிருந்து வரும் கப்பல்களில் அறைகளைத் துப்புரவாக்கிப் படுக்கை விரிப்பது அவன் வேலை. "எங்கை?" என்றான் துவாய்க்குள் இருந்து.

"அதைத்தானே யோசிக்க வேணும்."

இதற்கு முன் அவர்கள் பயணம் போகவில்லை என்றில்லை. பாரிசுக்குப் போனது ஒரு கலியாணத்துக்கு. சூரிச்சுக்குப் போனது ஒரு சாமத்தியச் சடங்குக்கு. லூர்துக்குப் போனது கோயில் பங்கு ஆட்களோடு பேருந்தில். பாதி வழி செபமாலை, பாதி வழி சத்தி. எங்கே போனாலும் பெண்கள் எல்லாரும் ஓர் அறையில் பாயில் படுப்பார்கள், ஆண்கள் வரவேற்பறையில். படங்களை எடுத்துப் பார்த்தால் எந்த நகரம் என்றே சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் ஒரே மண்டபம், ஒரே வெள்ளைத் துணி போட்ட கதிரைகள்.

இரவுச் சாப்பாட்டின் பிறகு குசினி மேசையில் மூன்று பேரும் இருந்தார்கள். மகள் றெபேக்காவுக்குப் பதினேழு வயது. அவள்தான் ஊர்களைச் சொன்னாள், செலஸ்ரீனா வெட்டினாள்.

"பாரிஸ்?"

"அங்கை மரியமலர் மாமி நிக்கிறா. அவவுக்குத் தெரிஞ்சால் வீட்டிலைதான் தங்க வேணும். சனிக்கிழமை முழுக்க நான் இறால் உடைக்கிறதுதான்."

"பெர்லினோ?"

"என்ரை பெரியப்பான்ரை பெடியள் மூண்டு பேர்."

"லிஸ்போனா? அங்கை நெஸ்ஸூனோ, ஒருத்தரும் இல்லை அம்மா."

"அருளையா அண்ணை போன வருஷம் அங்கை கடை போட்டிட்டார்."

றெபேக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். "மம்மா மியா, எங்கடை ஆக்கள் இல்லாத இடம் எண்டு ஐரோப்பாவிலை ஒண்டும் இல்லையா?"

"சிஞ்ஞோரா வியன்னாவுக்குப் போகச் சொல்லுறா. அவ தேன்நிலவுக்கு அங்கைதானாம் போனவ. குதிரை வண்டிலிலை ஊரைச் சுத்தலாமாம்" என்றாள் செலஸ்ரீனா. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. பிறகு சட்டென்று கணவனைப் பார்த்தாள். "வியன்னாவிலை உங்கடை தங்கச்சி முறை தர்சனா இருக்கிறாவெல்லோ?"

"ஓம். ஆனா அவவுக்குச் சொல்லாமல் போகலாம்" என்றான் விமலராஜ்.

அப்போதுதான் செலஸ்ரீனாவுக்கு ஒன்று பட்டது. இவ்வளவு நேரமும் இந்த மனுசன் ஓர் ஊரின் பெயரைக்கூடத் தானாகச் சொல்லவில்லை.

"உங்களுக்கு எங்கை போக விருப்பம்?"

"உமக்கு எங்கையெண்டாலும் எனக்குச் சரி."

"அது பதில் இல்லை. நான் உங்களைக் கேக்கிறன்."

விமலராஜ் மேசை விரிப்பில் இருந்த ஒரு பாண் துகளை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் யோசிப்பதைப் பார்த்த றெபேக்கா கைத்தொலைபேசியைக் கீழே வைத்தாள்.

"ஒரு இடம் இருக்கு" என்றான். "ஆனா பேர் தெரியாது."

செலஸ்ரீனா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அவன் மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்த கதை அந்த வீட்டில் ஒரே வசனம்தான். "ரஷ்யாவாலை வந்தனான்." யார் கேட்டாலும் அவ்வளவுதான் சொல்வான். செலஸ்ரீனா கலியாணம் பேசிய காலத்தில் கேட்டதும் அதே வசனம். அந்த இரவு அது நீண்டது. மொஸ்கோ வரைக்கும் விமானம். பிறகு லொறி, பிறகு காடு, பிறகு இன்னொரு லொறி. கடைசியில் எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் அவனையும் சேர்த்து எட்டுப் பேரை ஒரு மாடி வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பூட்டினான். என்ன நாடு, என்ன ஊர் என்று ஒருவரும் சொல்லவில்லை. பகலில் திரைச்சீலையைத் தொடக்கூடாது. பின்னேரம் இருண்ட பிறகு, குசினியில் வெளிச்சம் போடாமல், யன்னலால் பார்க்கலாம்.

"என்ன தெரிஞ்சது?"

"ஒரு பெரிய ஆறு. அந்தப் பக்கம் மலையிலை ஒரு கோட்டை. மேசையைக் கவிழ்த்து வைச்ச மாதிரி, நாலு மூலையிலையும் நாலு கால். ஆத்துக்கு மேலை ஒரு பாலம். அந்தப் பாலத்திலை ஒரு தூண், தூணுக்கு மேலை ஒரு தட்டு."

"என்ன தட்டு?"

"சாப்பாட்டுத் தட்டு மாதிரித்தான். வட்டமா. இரவிலை அதுக்குள்ளை லைற் எரியும். அது என்னத்துக்கு எண்டு நாங்கள் எட்டுப் பேரும் ஒவ்வொரு நாளும் சண்டை. ராடார் எண்டான் ஒருத்தன். நான் தண்ணித் தாங்கி எண்டு சொன்னன்."

"பிறகு?"

"பக்கத்துக் கட்டடத்திலை ஒரு வயசுபோன புருசனும் பெண்சாதியும். எங்கடை யன்னலுக்கு நேரை அவையின்ரை யன்னல். ஒவ்வொரு இரவும் காட்ஸ் விளையாடுவினம். அந்த மனுசன் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். மனுசி எங்களைப் பாத்தபடி. இடைக்கிடை அவ நிமிர்ந்து நேரை என்னைப் பாப்பா. முதல் நாள் எனக்கு உயிர் போட்டுது. கண்டிட்டா, பொலிசுக்குச் சொல்லப்போறா எண்டு."

"சொன்னவவோ?"

"அவ என்னைப் பாக்கேல்லை. இரவிலை யன்னல் கண்ணாடி முகம் பாக்கிற கண்ணாடி மாதிரியெல்லோ. அதிலை புருசன்ரை காட்ஸ் தெரியும். அதைத்தான் பாத்தவ. பாத்துப்போட்டு ஒண்டும் தெரியாதவ மாதிரிக் குனிஞ்சு விளையாடுவா. அவர் ஒவ்வொரு நாளும் தோப்பார். ஒவ்வொரு நாளும் எழும்பி வந்து அவவின்ரை உச்சியிலை கொஞ்சிப்போட்டு லைற்றை நூப்பார்."

றெபேக்கா வாய்விட்டுச் சிரித்தாள். செலஸ்ரீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

"ஏன் இவ்வளவு காலமும் இதைச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றான் அவன். குறையாகச் சொல்லவில்லை, உண்மையில் அப்படித்தான் நடந்தது என்பதுபோலச் சொன்னான்.

றெபேக்கா இதற்குள் கைத்தொலைபேசியில் இத்தாலிய மொழியில் தட்டியிருந்தாள்: கவிழ்த்த மேசை போன்ற கோட்டை. அவள் தேடி முடிக்கக் கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. படத்தைத் தகப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். "இல்லைப் பிள்ளை. இது வெள்ளையாக் கிடக்கு. அது ஊத்தை நிறம்."

"வெள்ளை அடிச்சிருப்பினம் அப்பா. பாலத்தைப் பாருங்கோ."

அடுத்த படத்தில் ஆறு இருந்தது, சாய்ந்த தூண் இருந்தது, தூணின் உச்சியில் தட்டு இருந்தது. விமலராஜ் கைத்தொலைபேசியை வாங்கி அந்தத் தட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு "ஓம்" என்றான்.

"பிராத்திஸ்லாவா" என்று வாசித்தாள் றெபேக்கா. "ஸ்லோவாக்கியாவின்ரை தலைநகரம். அந்தத் தட்டு ஒரு ரெஸ்ரோறன்ற், அப்பா!"

"தலைநகரமோ?" அவனால் நம்ப முடியவில்லை. "நான் ஏதோ சின்ன இடம் எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

மறுநாள் சிஞ்ஞோராவிடம் செலஸ்ரீனா அந்தப் பெயரைச் சொன்னபோது, அவர் கரண்டியைக் கோப்பையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கலியாண நாளுக்கா, அங்கேயா என்று கேட்டார். வியன்னாவிலிருந்து ஒரு மணித்தியாலம்தான், அதற்கு ஏன் வியன்னாவை விடுகிறாய் என்றும் கேட்டார். செலஸ்ரீனாவுக்கும் குதிரை வண்டில் ஆசை இருந்தது. மெழுகுதிரி எரியும் மேசை, ஆற்றங்கரை, யாரோ வயலின் வாசிப்பது எல்லாம் அவள் மனதிலும் இருந்தன.

ஆனால் சிஞ்ஞோராவின் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டு நிற்கையில் அவள் நினைப்பு வியன்னாவுக்குப் போகவில்லை. அந்த யன்னல் எத்தனையாம் மாடி? எட்டுப் பேரும் எங்கே படுத்தார்கள்? என்ன சமைத்தார்கள்? அந்தக் கிழவருக்குத் தன் மனைவியின் களவு தெரியுமா, தெரிந்துகொண்டுதான் தோற்றாரா? ஒவ்வொரு கேள்வியாக எழும்பிக்கொண்டே இருந்தது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவனிடம் கேட்க இவ்வளவு இருக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

அன்று பின்னேரம், கப்பல் வேலை முடிந்து வந்த விமலராஜ்தான் பின்வாங்கினான்.

"நான் யோசிச்சுப் பாத்தன். வியன்னாவுக்கே போவம். அங்கை போய் என்னத்தைப் பாக்கிறது? மாடிக் கட்டடங்கள். உமக்குச் சரிவராது."

"எனக்கு எது சரிவரும் எண்டு நான் சொல்லுறன்."

"கலியாண நாள் செலஸ். வடிவான இடமாப் போகவேணும்."

"உங்கடை இருபத்திரண்டு வயசிலை உங்களை எனக்குத் தெரியாது" என்றாள் அவள். "அந்தப் பெடியனை நான் ஒருக்காலும் காணேல்லை. அவன் நிண்ட இடத்தையாவது பாக்க விடுங்கோ."

அவன் திரும்பிக் குழாயைத் திறந்தான். கை கழுவுவதற்கு அவனுக்கு வழக்கத்தை விட அதிக நேரம் பிடித்தது.

றெபேக்காவைச் சிநேகிதியின் வீட்டில் விட்டுவிட்டு, மாமிமாருக்கு ஒன்றும் சொல்லாமல், வெள்ளிக்கிழமை அவர்கள் வியன்னாவுக்குப் பறந்து அங்கிருந்து பேருந்து எடுத்தார்கள். சனிக்கிழமை காலை பாலத்தின் கோட்டைப் பக்க முனையில் நின்றார்கள். கோட்டை படத்தில் இருந்ததைப் போலவே வெள்ளையாக இருந்தது. கரிய நீர் என்று அவன் நினைத்திருந்த ஆறு வெயிலில் பச்சையாக ஓடியது.

ஆற்றைக் கடந்து மாடிக் கட்டடங்களின் பக்கம் போனதும் விமலராஜ் தடுமாறிப்போனான். அவன் நினைவில் எல்லாம் சாம்பல் நிறம். இப்போது ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று தோடம்பழ நிறம். எல்லாம் ஒரே உயரம், ஒரே யன்னல்.

"கண்டுபிடிக்கேலாது. வாரும், போவம்."

"நில்லுங்கோ. தட்டும் கோட்டையும் எப்பிடித் தெரிஞ்சது? அதைச் சொல்லுங்கோ."

அவன் கண்ணை மூடினான். "தட்டு, கோட்டையின்ரை இடப்பக்கக் காலை மறைக்கும்."

செலஸ்ரீனா கோட்டையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினாள். புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தது, அவள் பொருட்படுத்தவில்லை. மரங்கள் மறைத்தன, கட்டடங்கள் மறைத்தன. ஒரு வளைவில் பொலிஸ் வாகனம் ஒன்று மெதுவாக வந்தது. விமலராஜின் கை தானாகச் சட்டைப்பைக்குள் இருந்த பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டைக்குப் போயிற்று. அவள் அந்தக் கையை வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாகனம் அவர்களைப் பார்க்காமலே போனது.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வந்தபோது தட்டு நகர்ந்து கோட்டையின் இடது கோபுரத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் நிமிர்ந்து யன்னல்களைப் பார்த்தான். தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த ஓர் இளம் பெண் கதவுத் திறப்பைக் கையில் வைத்தபடி அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். செலஸ்ரீனா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: என் புருசன், நெடுங்காலத்துக்கு முன், இங்கே, யன்னல். சொல்லிவிட்டு, இன்று எங்கள் கலியாண நாள் என்றும் சேர்த்தாள். அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று தலையை அசைத்தாள்.

படிக்கட்டுகளின் திருப்பங்களில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சிறு யன்னல் இருந்தது. நாலாம் மாடியில் அவன் "இன்னும் மேலை" என்றான். ஐந்தாம் மாடியில் நின்றான்.

செலஸ்ரீனா வெளியே பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்திருந்தான். மூச்சில் கண்ணாடி மங்கியது, தெளிந்தது. அழுவான் என்று அவள் நினைத்தாள். அவன் அழவில்லை. "எவ்வளவு கிட்ட இருந்திருக்கு" என்றான். "பாலத்துக்கு நடந்தே போயிருக்கலாம் போலை. எங்களுக்கு அது வேறை உலகம்."

தள்ளுவண்டியோடு லிஃப்ற்றில் மேலே வந்த இளம் பெண் சிரித்தபடி ஏதோ வாழ்த்துச் சொல்லித் தன் கதவுக்குள் போனாள். அவர்கள் படியிறங்கினார்கள்.

திரும்பும்போது பாலத்தில் நடந்தார்கள். மேலே கார்கள் ஓடின. ஆட்களுக்கான பாதை அதற்குக் கீழே, ஆற்றுக்கு அருகே. பாதி வழியில் விமலராஜ் நின்றான்.

"நீர் ஊரிலையிருந்து வந்தது எனக்குத் தெரியும்தானே. பலேர்மோவிலை எயாப்போட்டிலை நான்தானே வந்து ஏத்தினனான். ஆனா உம்மை ஒருக்காலும் கேக்கேல்லை. வரேக்கை நீர் என்ன பாத்தனீர்?"

செலஸ்ரீனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"உங்களைத்தான்."

"வெளியிலை வந்த பிறகு. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் உங்களைத்தான். நான் உடனை வெளியிலை வரேல்லை. கதவு திறந்து மூடேக்கை நீங்கள் நிக்கிறது தெரிஞ்சது. ஒரு தூணுக்குப் பின்னாலை நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"ஏன்?"

"ஒரு படத்தை மட்டும் பாத்து வந்தனான். பிடிக்காட்டி என்ன செய்யிறது எண்டு யோசிச்சனான்."

"பெட்டி வரப் பிந்தினது எண்டெல்லோ சொன்னனீர்!"

"பெட்டி முதலே வந்திட்டுது."

அவன் வாயைத் திறந்தபடி நின்றான். "பிறகு ஏன் வந்தனீர்?"

"நீங்கள் பூச்செண்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்திக்கொண்டு நிண்டியள். பிறகு சப்பாத்துக் கயிறு அவிண்டு போச்சு. பூவைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு குனிஞ்சு கட்டினியள். எழும்பேக்கை பூவெல்லாம் சப்பளிஞ்சு போச்சு. அதை ஒவ்வொண்டாத் தடவித் தடவி நிமித்தினியள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அப்பத்தான் வந்தனான்."

விமலராஜ் சிரித்தான். எதிரே சைக்கிளில் வந்தவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தான்.

"இன்னும் என்னென்ன சொல்லாமல் வைச்சிருக்கிறீர்?"

"பசிக்குது" என்றாள் அவள். "முதல்லை எங்கையாவது இருந்து சாப்பிடுவம். சாப்பிட்டுக்கொண்டு சொல்லுறன்."

குதிக்கால் நோவோடு அவள் சற்றே கெந்தினாள். அவன் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் பாலத்தைக் கடந்து, அந்தக் காலத்தில் அவன் யன்னலால் மட்டும் பார்த்த அந்த ஊரின் தெருக்களுக்குள் இறங்கிப் போனார்கள்.