வாரம் ஏழு நாளும்

எட்டு வருடங்களாகச் சேதுமாதவன் வியாழக்கிழமை மாலை வந்து சனிக்கிழமை மாலை கிளம்பிவிடும் கணவனாகவே இருந்தான். வேலை கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில். தங்கியது பக்கத்து ஊரான அல்கோரில், கம்பெனி கொடுத்த அறையில், இன்னும் மூன்று பேரோடு. மனைவி சம்யுக்தாவும் மகள் இளவேனிலும் தோஹாவில் இருந்தார்கள். அங்கே ஒரு பெரிய மாலுக்குள் இருந்த மருந்துக் கடையில் சம்யுக்தா பார்மசிஸ்ட். தூரம் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் விடிவதற்கு முன்பே டூட்டிக்கு பஸ் ஏறுகிறவனால் அதைத் தினமும் கடக்க முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று பேசிக்கொண்ட ஏற்பாடு அப்படியே நீண்டுவிட்டது.

இந்த ஆகஸ்டில் கம்பெனி அவனுக்கு அல்கோரில் குடும்ப வீடு ஒதுக்கியது. இரண்டு படுக்கையறை, பின்பக்கம் துணி காயப்போடச் சின்ன முற்றம், நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம். சம்யுக்தா மூன்று நாள் யோசித்தாள். தோஹாவில் அவளுக்கு வேலை இருந்தது, தோழிகள் இருந்தார்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் பார்க்கிங் கிடைக்கும் என்பது வரை அந்த நகரம் அவளுக்குப் பழக்கம். நான்காம் நாள் அவளே சொன்னாள்: "இளாவுக்குப் பத்து வயசாச்சுங்க. இன்னும் அப்பாவை லீவு நாள்ல மட்டும் பாத்துட்டிருந்தா எப்படி? போயிரலாம்."

வீடு மாறிய அன்று சாமான் இறக்கச் சேதுவின் பழைய அறைக்காரர்கள் மூவரும் வந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, வயதில் மூத்த ஒருவர் சம்யுக்தாவிடம் ஹிந்தியில், "அண்ணி, இனி திங்கட்கிழமை எங்களுக்குப் பட்டினிதான். சேது பாய் மாதிரி சாம்பார் வைக்க யார் இருக்கா?" என்று சிரித்தார். மாலை காய்கறி வாங்கப் போனபோது கடைக்காரர் சேதுவைப் பார்த்து எழுந்து வந்தார். எதிர்ப்புறம் முடிவெட்டும் கடையிலிருந்து ஒருவர் கையசைத்தார். சேது எல்லோரிடமும் நின்று பேசினான், சத்தமாகச் சிரித்தான்.

சம்யுக்தாவுக்குத் தெரிந்த சேது, வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போகிற ஆள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நீங்க சமைப்பீங்களா?"

"ரூம்ல முறை வெச்சுச் செய்வோம். எனக்குத் திங்கக்கிழமை."

"எட்டு வருசத்துல எனக்கு ஒரு டீ போட்டுத் தந்ததில்லையேங்க."

சேது அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தான். கை நின்றது. "அது உன்னோட கிச்சன், சம்யு. எந்த டப்பால என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. ரெண்டு நாளைக்கு வர்றவன் எதையாவது கலைச்சு வெச்சுட்டுப் போனா உனக்குத்தானே தொந்தரவு? விருந்தாளியாட்டம் இருந்துட்டேன்."

"நான் அப்படி நடத்துனனா?"

"இல்லை. நானாத்தான் இருந்துட்டேன்."

வாரத்தில் ஐந்து நாள் சிரிக்கவும் சமைக்கவும் தெரிந்த ஒருவன் இந்த ஊரில் இருந்திருக்கிறான், தன் வீட்டுக்கு மட்டும் அவன் வரவேயில்லை என்பது அவளுக்கு வலித்தது.

ஒன்றாக வாழ்வது அவர்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. முன்பெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததை இரண்டு நாளில் பேசித் தீர்ப்பார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைக்குள் பேச்சு தீர்ந்துபோனது. முதல் ஞாயிறு மாலை, வேலை முடிந்து வந்து கதவைத் தட்டிய சேதுவைப் பார்த்து இளவேனில், "அப்பா, இட்ஸ் சண்டே. இன்னைக்கும் வந்துட்டீங்களா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். சேது சிரித்தான். ஆனால் சாப்பிடும்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சம்யுக்தா கவனித்தாள்.

சாப்பிடும் நேரத்தில் டேப்லட் வேண்டாம் என்பான் அவன். மகள் அம்மாவைப் பார்ப்பாள். "விடுங்க, அவளுக்கு அது பழக்கம்" என்பாள் சம்யுக்தா. ஒருநாள் அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "நான் எது சொன்னாலும் நீ குறுக்க வந்தா, நான் ரூம்லயே இருந்திருக்கலாமே சம்யு." சொன்னவுடனே வருந்தினான், அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அந்த வார்த்தை வீட்டுக்குள் தங்கிவிட்டது. பகல் முழுவதும் வேலையில்லாமல், தோஹா தோழிகள் அனுப்பும் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று யோசித்தபடி சம்யுக்தா இருந்தாள்.

அக்டோபரில் இளவேனில் பள்ளியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மருந்து வாங்கச் சம்யுக்தா மீன்பிடித் துறைமுகச் சாலையிலிருந்த மருந்துக் கடைக்குப் போனாள். அங்கே வீங்கிய வலது கையை நீட்டிக்கொண்டு ஓர் இளைஞன், கடைக்காரரான எகிப்தியரிடம் அரைகுறை ஹிந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தான்.

"தமிழா தம்பி?" என்றாள்.

அவன் முகம் மாறியது. "ஆமாக்கா. ஆன்சன். இனயம் கடக்கரைக்காரன், இங்க மீன்பிடி போட்டுல வேலை. கெளுத்தி முள்ளு குத்திட்டு. மூணு நாளாச்சு. ரூம்ல ஒருத்தன் ஆன்டிபயாட்டிக் ரெண்டு தந்தான், கேக்கல்ல. இன்னும் நாலு தாங்கண்ணு கேக்கேன், இவரு தரமாட்டேங்காரு."

அவள் கையைப் பார்த்தாள். சிவப்பு மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது. "அவர் தராம இருந்ததே நல்லது. முள்ளு உள்ள ஒடிஞ்சிருக்கும். நீ இப்பவே ஹெல்த் சென்டர் போகோணும். நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது."

"போவாட்டி போட்டுக்காரரு ஏசுவாருக்கா."

"கையே போச்சுன்னா அப்புறம் எந்த போட்டுக்குப் போவே?"

சம்யுக்தா ஆங்கிலத்தில் விளக்க, எகிப்தியர் அரபியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, தானே டாக்ஸி பிடித்து அனுப்பினார். பிறகு திரும்பி, "நீங்கள் நர்ஸா?" என்றார்.

"பார்மசிஸ்ட். தோஹாவில் இருந்தேன்."

அவர் இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்துவிட்டார். மாலை டூட்டிக்கு ஆள் தேடி ஆறு மாதமாயிற்று, தோஹாவை விட்டு இந்த ஊருக்கு வர யாருக்கும் மனதில்லை, துறைமுகத்து ஆட்கள் பேசுவது தனக்குப் பாதிதான் புரிகிறது என்று கொட்டித் தீர்த்தார்.

அன்று மாலை அவள் சேதுவிடம் சொன்னாள். நாலரையிலிருந்து ஒன்பதரை வரை வேலை.

"அப்ப இளா?"

"நீங்க நாலு மணிக்கு வந்தர்றீங்களே."

சேது பயந்துதான் போனான். ஒரு மணி நேரத்துக்கு மேல் மகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டதே இல்லை. "எங்கிட்ட அவ இருப்பாளா?"

"தெரியலைங்க. ஆனா நான் நடுவுல நிக்கற வரைக்கும் அவ உங்ககிட்ட வரமாட்டா. நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பார்மசிஸ்ட் லைசென்ஸைப் புதுக் கடைக்கு மாற்ற ஒரு மாதம் ஆனது. நவம்பரில் வேலையில் சேர்ந்தாள். முதல் நாளே தொலைபேசி. "அம்மா, அப்பா மேத்ஸ் வேற மெத்தட்ல சொல்லித் தர்றாங்க. மிஸ் சொன்னது அப்படி இல்ல."

"அதை அப்பாகிட்டயே சொல்லு."

மறுநாள் அழுகை. டேப்லட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். கொடுக்கச் சொல்லத் துடித்தது வாய். மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அப்பா சொன்னா சொன்னதுதான் கண்ணு" என்றாள். மூன்றாம் நாள் கூப்பிட்டது சேது. ரெட்டைச் சடை எப்படிப் பின்னுவது என்று கேட்டான். "அவகிட்ட கேளுங்க. அவளுக்குத் தெரியும்" என்றாள்.

கடை அவளுக்குப் பிடித்துப்போனது. மாலில் டோக்கன் நம்பர் பார்த்து மருந்து கொடுத்தவளை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆன்சன் கட்டுப் பிரித்த கையைக் காட்ட வந்தான். கூடவே இருமலோடு இரண்டு பேரை அழைத்து வந்திருந்தான். ஒரு தாய் குழந்தையின் காய்ச்சல் தணிந்ததைச் சொல்வதற்காகவே எட்டிப் பார்த்துப் போனாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை வீட்டிலிருந்து அழைப்பே இல்லை. ஆறு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே இளவேனிலைக் கூப்பிட்டாள். காற்றும் கடலும் இரைந்தன.

"எங்க இருக்கீங்க?"

"கடற்கரையில. தண்ணி உள்ள போயிடுச்சும்மா, டார்ச் அடிச்சா சேத்துல குட்டிக் குட்டி நண்டு. அப்பா ஷூ போட்டுட்டே இறங்கிட்டாங்க!" பின்னால் சேதுவின் சிரிப்பு சத்தமாகக் கேட்டது. "அம்மா, அப்புறம் பேசட்டுமா? ஒண்ணு ஓடுது."

போன் அணைந்தது. சம்யுக்தாவுக்குச் சுருக்கென்றும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஓர் அரபு முதியவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். "வாங்க, உட்காருங்க" என்று அவளையறியாமல் தமிழிலேயே சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கினாள்.