ஃபிரெடிக்குக் கொடுத்த பாட்டு

ஞானசௌந்தரிக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் ஒதுக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள் மெட்டமைக்கும் பாட்டுகளும் அப்படித்தான். மூன்று நான்கு சுரம், ஒரே ஒரு வரி, நடுவில் நீண்ட மௌனம். சேலையூர் சபையில் பாதிப் பேருக்கு அது பிடிபட்டதே இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்த பாட்டைப் பாடகர் குழுத் தலைவன் ஃபிரெடி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்த்து யூடியூபில் ஏற்றினான். 'இசை: ஃபிரெடி' என்று போட்டுக்கொண்டான்.

கேட்டதற்குச் சிரித்தான். "நாலு சுரத்துக்குப் போய் பேராக்கா? யாரு வேணா போடலாம்."

அவள் சண்டைக்குப் போகவில்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். டிரம்ஸுக்கு அடியில், இழுத்துப் பாடும் இடங்களிலெல்லாம் அவன் சுருதி கீழே வழுக்கியது. அந்த வழுக்கலுக்கென்றே ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு பாட்டுப் போட்டாள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றே ஒன்று. வாத்தியம் கிடையாது. ஒற்றைக் குரல்.

"பெரிய வெள்ளிக்கு நீயே பாடு. உன் பேரே போட்டுக்கோ."

"சூப்பர்க்கா!"

ஒத்திகைகூடப் பார்க்கவில்லை அவன். நாலு சுரம்தானே.

பெரிய வெள்ளி மதியம் கோயில் நிரம்பி வழிந்தது. முதல் சுரம் நின்றது. இரண்டாவது சரிந்தது. மௌனத்துக்குப் பிறகு மூன்றாவதைத் தேடிப் பிடிக்கப் போய்க் குரல் பிளந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஞானசௌந்தரிக்கு உடம்பெல்லாம் இனித்தது.

ஃபிரெடி பாட்டைப் பாதியில் நிறுத்தினான். "மன்னிக்கணும்," என்றான் மைக்கில். "இது நான் போட்டது இல்ல. ஞானசௌந்தரி அக்கா போட்டது. பாட்டுலயே கோளாறு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எழுந்தாள். மைக் பக்கம் போகாமல் நின்ற இடத்திலேயே பாடினாள். ஒரு சுரம்கூட அசையவில்லை. மௌனத்தில் மின்விசிறிகள் சுற்றுவது மட்டும் கேட்டது.

வெளியே ஃபிரெடி வழிமறித்தான். "வேணும்னேதான பண்ணீங்க?"

"ஆமா."

"சாரிக்கா. வுட்டுடுங்க."

"எங்கிட்ட எதுக்கு? கிறிஸ்துமஸ் பாட்டு யாருதுன்னு ஈஸ்டர் அன்னிக்கு அதே மைக்ல சொல்லு."

ஈஸ்டர் அன்று குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

முன்வரிசையில் இருந்த ஞானசௌந்தரி காதருகே கையை வைத்துக்கொண்டாள். "சரியா கேக்கல, ஃபிரெடி. இன்னொரு தரம்."