வெள்ளோட்ட இருக்கை

பொன்முடி மலைக்குப் பின்னிருந்து எழுந்த கதிரவன், குடகடலின் அலைகளை வெளுக்கச் செய்து, விழிஞ்ஞத்துத் துறையின் நெடிய பளுதூக்கிகளையும் சங்குமுகத்து மணற்பரப்பையும் ஒருசேர ஒளிர்வித்த ஆடிமாதக் காலையில், திருவனந்தபுரத்து வான்படைத் திடலில் உலங்கு வானூர்தி ஒன்று பழுது நீங்கி வெள்ளோட்டத்துக்குக் காத்து நின்றது.

கற்றறிந்தோரே, அந்தப் படையணியில் எழுதப்படாத வழக்கம் ஒன்றுண்டு. பொறியைப் பிரித்துப் பூட்டியவன் எவனோ அவனே வெள்ளோட்டத்தில் வானோடியின் பின்னிருக்கையில் அமர்ந்து, தான் முடுக்கிய திருகாணிக்குத் தன்னுயிரையே பிணையாக வைப்பான். அணி தோன்றிய நாள்தொட்டு அவ்விருக்கை வெறுமையாக எழும்பியதேயில்லை.

அன்றோ, பொறியைப் பூட்டிய அஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு நான் வரல்ல சாரே. வேற ஆளை இருத்திக்கிடுங்க."

வானோடி சத்தியநேசனுக்குச் சுருக்கென்றது. இருவரும் பாறசாலைப் பக்கத்தவர். பல்லாண்டு ஒன்றாகப் பறந்தவர்கள்.

"ஏன்டே?"

"ஒண்ணுமில்ல சாரே. சும்மாவாக்கும்."

சும்மாவாம்! கொட்டகை வாயிலில் குசுகுசுத்துக் கொண்டிருந்த அஜினின் தோழர்கள் சத்தியநேசன் அணுகியதும் பேச்சை மாற்றிக்கொண்டனர். "அவனை விட்டிருங்க சார்" என்று ஒருவன் மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னான். ஐயம் செருப்புக்குள் புகுந்த பரலாய் உறுத்த, பொறியில் ஏதோ குறையிருக்கிறது, அதை இவர்கள் எல்லோரும் அறிவார்கள், என்னை மட்டும் சாகக் கொடுக்கத் துணிந்தார்கள் என்று முடிவுகட்டிய சத்தியநேசன், வீட்டிலிருக்கும் மனைவி எலிசாளையும் கைக்குழந்தையையும் நினைத்துக்கொண்டு அஜினிடம் திரும்பினான்.

"நீ பூட்டின பொறியில ஏற உனக்கே பயமாடே?" என்று எல்லோரும் கேட்கக் கத்தினான்.

அஜினின் முகம் கறுத்தது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறி அமர்ந்தான்.

பொறி ஒரு குறையுமின்றி ஓடியது. முகிலைத் தொட்டுத் திரும்பி, வேளிக்காயலின் மேலாக இறங்கித் தரையில் கால் ஊன்றியபோது, வெட்கத்தோடு பின்னால் திரும்பிய சத்தியநேசன், அஜினின் இடச்செவியிலிருந்து குருதி கழுத்துவரை வழிந்திருக்கக் கண்டான். கடுந்தடுமனால் முன்பே அடைத்திருந்த அவன் செவிப்பறையை, ஏறி இறங்கியதில் மாறிய காற்றழுத்தம் கிழித்துவிட்டது. மருத்துவரிடம் போனால் பறக்கும் பணியிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று அஞ்சினான். வானோடியிடம் சொன்னால் மேலிடத்துக்குத் தெரிவிப்பது அவன் கடமையாகிவிடும். ஆதலால் தோழர்கள் கூடி அதை மறைத்திருந்தனர். அந்த அன்பைத்தான் சத்தியநேசன் சூழ்ச்சியென்று எண்ணினான்.

"இப்போ நம்பிக்கையாச்சா சாரே?" என்றான் அஜின். தன் குரலே தனக்குச் சரியாகக் கேளாததால் அதை உரக்கக் கேட்டான்.

கிழிந்த செவிப்பறை முழுதும் கூடவில்லை. அவனுக்குப் பறப்பு என்றென்றைக்கும் விலக்கப்பட்டது. சத்தியநேசனை எவரும் பழிக்கவில்லை. மாலைத் தேநீரை அஜினே வழக்கம்போல் ஊற்றிக் கொடுத்தான். ஏச்சைவிட அது சத்தியநேசனை மிகுதியாகச் சுட்டது.

இன்றும் அஜின் பொறிகளைப் பூட்டுகிறான். அவற்றின் வெள்ளோட்டத்தில் மட்டும் அந்த இருக்கை வெறுமையாகவே எழும்புகிறது. வேறொருவரை அதில் அமர்த்த அணியினர் ஒப்பவில்லை. முன்னிருக்கையைச் சத்தியநேசன் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான். பிணையின்றி நம்ப அவன் கற்றுவிட்டான்; அதற்கான விலையைக் கொடுத்தவனோ தரையில் நின்று, வலச்செவியை வானுக்குச் சாய்த்து, தன் பொறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.