வலது மூக்கு

சந்தியாவிடம் நாற்றம் வருகிறது என்று பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். அவள் அம்மா ஜமுனாவுக்கு அதில் ஆச்சரியமில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயவைப்பவள் அவள். பாய், துணி, சோறு எல்லாவற்றிலும் அந்த வாடைதான். அவளுக்கு அது தெரிவதே இல்லை.

மகளை இரண்டு வேளையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். யூனிபார்மை மீன் கிடக்காத பக்கமாகக் கொடி கட்டி உலர்த்தினாள். மூக்கு ஒழுகியதற்குச் சளி மருந்து வாங்கிக் கொடுத்தாள். குடிக்கும்வரை நிற்கும், பிறகு ஒழுகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகாமலா இருக்கும் என்று விட்டுவிட்டாள். நாற்றம்தான் போகவில்லை.

கடைசியில், காட்டூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா வேலம்மாவிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாள். வயல்காட்டு ஊர். கருவாட்டுக் காற்று அங்கே வராது.

“எப்ப வந்து இட்டுனு போவே?” என்று சந்தியா கேட்டாள்.

“நாத்தம் போனதும்.”

பொங்கலுக்கு முன்னால் வேலம்மாவே பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்தாள்.

“தலைக்கு ஊத்தியாச்சு, புதுத்துணி போட்டாச்சு. நாத்தம் அப்டியே கீது. எம் புள்ளைங்க பக்கத்துல படுக்க மாட்டேங்குதுங்க. இது கருவாடு இல்லடி. நீ மோந்து பாத்தியா?”

ஜமுனா மகளின் முகத்தருகே குனிந்தாள். கருவாட்டிலேயே ஊறிய மூக்கு. ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மூவரும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

“கருவாடு போடற ஊரும்மா, அதான்,” என்று டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே ஜமுனா சொன்னாள்.

“எந்தப் பக்கம் ஒழுகுது?”

ஜமுனாவுக்குத் தெரியவில்லை. சந்தியா வலது மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

“எப்பவும் அந்தப் பக்கம்தானா?”

“ம்.”

“கருவாடு ஒரு மூக்குல மட்டும் நாறாதும்மா.”

வேலம்மா பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டாள், ஜமுனா கைகளை. டாக்டரம்மா வெளிச்சம் காட்டிப் பார்த்து, மெல்லிய கொக்கியால் எதையோ இழுத்துத் தட்டில் போட்டார். கறுத்த துண்டு. கழுவியதும் வெள்ளையாகத் தெரிந்தது. அது என்னவென்று ஜமுனாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன்வலையில் கட்டும் நுரை மிதவையிலிருந்து கிள்ளிய துண்டு. வலையைச் சரிபார்க்க உட்காரும்போது பிள்ளை அழாமல் இருக்க ஜமுனா அதன் கையில் கொடுப்பது பழைய மிதவையைத்தான்.

“ரொம்ப நாளா அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. மூக்குக்குப் பக்கத்துல, சைனஸ்ல சீழ் கட்டியிருக்கு. ஒழுகறது நின்னாலும் மருந்தைப் பாதியில நிறுத்தக் கூடாது. தினமும் உப்புத்தண்ணில மூக்கைக் கழுவணும். நாங்க தர்ற தண்ணி. கடல்தண்ணி இல்ல.”

வேலம்மா சிரித்தாள். ஜமுனா சிரிக்கவில்லை.

வெளியே பஸ்ஸைப் பார்த்ததும் சந்தியா நின்றாள். “காட்டூருக்கா?”

“ஊட்டுக்கு.”

மருந்து தீர்ந்த வாரத்தில் ஒரு மாலை, ஜமுனா கருவாட்டை அள்ளிவைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். சந்தியா முகத்தைச் சுளித்தாள்.

“அம்மா, உம்மேல நாத்தம்.”

ஜமுனா அவள் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு விரலால் மகளின் இடது மூக்கை அடைத்தாள். மறு கையின் உள்ளங்கையை வலது மூக்கருகே நீட்டினாள்.

“இப்ப?”

“நாறுதும்மா.”

“நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லு. இன்னா நாத்தம்?”

சந்தியா மூச்சை இழுத்தாள்.

“கருவாடு.”

“இன்னொரு வாட்டி,” என்றாள் ஜமுனா.